தொலைந்துபோவதற்கு ஓர் ஆள்

ஊருக்குள் ஒரு பேச்சு உலவியது. பெரிய மருத்துவமனையில் ஓர் ஆளுக்கு வழிதவறிப் போவதற்கென்றே மாதச் சம்பளம் கொடுக்கிறார்களாம். காலையில் வந்தவுடன் ஏதாவதொரு தாழ்வாரத்தில் அவர் தொலைந்துபோக வேண்டுமாம். மாலையில் யாராவது தேடிப் பிடித்து வாசலில் கொண்டுவந்து விட்டால் வீட்டுக்குப் போகலாமாம். முடிவெட்டும் கடையில் இந்தச் செய்தி கொஞ்சம் சதை போட்டது: அவர் மேலிடத்து ஆளாம். மருந்துக்கடை வரிசையில் இன்னும் வளர்ந்தது: அவர் சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கமாக வெளியே வருவாராம், யாரோ கணினித் திரையில் கண்ணால் பார்த்தார்களாம்.

விசாரித்துப் பார்த்ததில், வதந்திகளுக்கு வழக்கமில்லாத வகையில், இது பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது. மேலிடத்து ஆள் என்பது பொய். அவருக்குத் தெரிந்த மேலிடம் மருத்துவமனை வாசல் காவலராக இருக்கும் மைத்துனர்தான். சுவருக்குள் புகுந்தது மெய், அதற்குப் பிறகு வருவோம். மாலையில் யாரோ தேடிக் கொண்டுவந்து விடுகிறார்கள் என்பது ஆரம்பத்தில் சரி, பிற்பாடு தப்பு. பிற்பாடு அவரே வாசலுக்கு வந்துவிட்டார். வினையே அங்கேதான் தொடங்கியது.

அவருக்கு வீட்டிலும் வெளியிலும் ஒரே பெயர், திசைகாட்டி. சூட்டியவர் அந்தக் காவலர், மனைவியின் அண்ணன். கல்யாணத்தன்று முகம் கழுவப் போன மாப்பிள்ளை திரும்பும்போது மாடி மாறிவிட்டார். இன்னொரு கல்யாணத்தின் விருந்து மேசையில் உட்கார்ந்து, இரண்டாம் முறை பரிமாறும் வரை சந்தேகமே இல்லாமல் சாப்பிட்டார். தேடிப் போன மச்சானிடம், "நம்ம சொந்தத்துல இவ்ளோ பேர் இருக்காங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது மச்சான்" என்று பூரித்துப்போய்ச் சொன்னாராம். அன்றைக்கு ஒட்டிய பெயர். குழந்தைகள்கூட "திசைகாட்டி மாமா" என்றுதான் கூப்பிடும்.

இடது எது வலது எது என்று தெரியாதவர் அல்ல. கேட்டால் சரியான கையைத் தூக்குவார். ஒரு கதவுக்குள் போய் அதே கதவு வழியாக வெளியே வந்தால் உலகம் அவருக்குப் புத்தம் புதியதாக இருக்கும், அவ்வளவுதான். இப்படி ஒருவர் தேடிப் பிடித்துச் செய்த வேலைகள் என்ன? முதலில் கூரியர். பிறகு கேஸ் சிலிண்டர் போடுவது. பிறகு பள்ளிக்கூட வேன் ஓட்டுவது. வேன் ஓட்டியபோது பிள்ளைகளுக்கு அவரைப் பிடிக்காத நாளே இல்லை, பெற்றோருக்குப் பிடித்த நாளும் இல்லை. ஊரின் மூலைமுடுக்கெல்லாம் பார்த்த பிள்ளைகள் அந்த ஆண்டு வேனில் போனவர்கள்தான்.

ஓரிடத்தில் உட்காரவும் அவருக்குத் தெரியாது. உட்கார்ந்தால் வலது முழங்கால் தையல் மிஷின் மாதிரி ஓடும். மேசை ஆடும், தம்ளரில் தண்ணீர் நடுங்கும். பக்கத்தில் இருக்கும் மனைவி பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டி அந்த முழங்காலை அமுக்குவார். கையை எடுத்தவுடன் அது மறுபடி ஓடும்.

அவர் இத்தனை வருடம் எங்கேயாவது போய்ச் சேர்ந்திருக்கிறார் என்றால் அது அந்த அம்மாள் புண்ணியம். இருசக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, திருப்பம் வருவதற்கு முன்னால் தோளில் தட்டுவார். இடது தோளில் தட்டினால் இடது, வலது தோளில் தட்டினால் வலது. வாயால் சொன்னால் குழம்பிவிடுவார், தட்டினால் குழம்ப மாட்டார். சந்தைக்கும் சம்பந்தி வீட்டுக்கும் இப்படியே தட்டித் தட்டித்தான் போய் வந்தார்கள். வண்டியில் போகும்போது ஊர்க்கதை பேசுவார், நடுவில் கை தானாகத் தட்டும், வண்டி தானாகத் திரும்பும்.

இப்போது மருத்துவமனைக்கு வருவோம். அது ஒரே கட்டடம் அல்ல. ஒவ்வொரு காலத்திலும் ஒருவர் கட்டி, அடுத்தவர் வந்து முன்னவர் மேல் இருந்த கோபத்தில் வேறு தினுசாக இன்னொன்றை ஒட்டி, நடுவில் பாலம் போட்டு, பாலத்தை அடைத்து, அடைத்த இடத்தில் தண்ணீர்க் குழாய் வைத்த கட்டடம். இந்தப் பக்கம் இரண்டாம் மாடியில் நடந்தால் அந்தப் பக்கம் முதல் மாடியில் இறங்குவோம். ரத்தம் கொடுக்கப் போனவர் பல் டாக்டர் முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். கைப்பேசியில் வரும் வரைபடம் வாசல் வரைதான் உதவும்; உள்ளே நுழைந்ததும் வானத்துச் செயற்கைக்கோள் கையை விரித்துவிடும்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கிறேன் என்று ஒரு சின்ன நிறுவனம் வந்தது. நிறுவனம் என்றால் ஒரு முதலாளி, ஒரு பெண் பொறியாளர், நிறைய ஒயர். உடைந்த சக்கர நாற்காலிகள் போட்டுவைத்திருந்த அறையை அவர்களுக்கு ஒதுக்கினார்கள். அந்தப் பெண் எந்நேரமும் பிளக் பாயிண்ட் தேடிக்கொண்டு அலைந்ததால் காவலர்கள் அவருக்கு வைத்த பெயர் சார்ஜர் மேடம்.

அவர் செய்திருந்த பொருள் எளிமையானது. தீப்பெட்டி அளவில் ஒரு வில்லை, அதைச் செருப்பிலோ ஷூவிலோ கட்டிக்கொள்ள வேண்டும். மணிக்கட்டில் ஒரு கடிகாரம். கால் தூக்குவதையும் வைப்பதையும் திரும்புவதையும் வில்லை உணர்ந்து, ஆள் இப்போது எங்கே இருப்பார் என்று ஊகித்து, சார்ஜர் மேடம் கையிலிருக்கும் கணினித் திரையில் காட்டும். கடிகாரம் ஒரு முறை அதிர்ந்தால் இடது, இரண்டு முறை அதிர்ந்தால் வலது, நீளமாக அதிர்ந்தால் தப்பாக வந்துவிட்டீர்கள், திரும்புங்கள். ஒரே சிக்கல், ஒவ்வோர் ஊகமும் அதற்கு முந்தைய ஊகத்தின் தலையில்தான் ஏறி நிற்கிறது. தொடக்கத்தில் விரல்கடை தப்பினால் போதும், வாய்க்கு வாய் வதந்தி பெருப்பதைப்போல் பெருத்து, கடைசியில் ஆள் ஓரிடத்திலும் கணக்கு ஓரிடத்திலும் நிற்கும். அதைச் சரிக்கட்ட மாடிப்படியையும் லிப்டையும் அடையாளம் கண்டு தன்னைத் திருத்திக்கொள்ளவும் வில்லைக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

நடந்து பார்த்துச் சோதிக்க ஆள் வேண்டும். முதலில் கல்லூரி மாணவர்களைக் கூட்டிவந்தார். சில நாளில் அவர்களுக்குக் கட்டடம் மனப்பாடமாகிவிட்டது. கடிகாரம் இடது என்றால் அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வலது பக்கம் போய்ச் சரியான அறையில் நின்றார்கள். கருவி தேர்வில் தவறியதா தேறியதா என்றே தெரியவில்லை. பார்த்து எழுதுகிற பையன் மாதிரி ஆகிவிட்டது. அவர் வாசலில் நின்று, எத்தனை நாள் நடந்தாலும் வழி பழகாத ஓர் ஆள் உலகத்தில் இருப்பானா என்று அலுத்துக்கொண்டார். அது காவலர் காதில் விழுந்தது.

"மேடம், நம்ம மாப்ள ஒருத்தர் இருக்கார்" என்றார் அவர். இத்தனை வருடம் விருந்தாளிகளைச் சிரிக்க வைக்கச் சொல்லிவந்த கதைகளையெல்லாம் தகுதிச் சான்றாக அங்கேயே அடுக்கினார்.

நேர்காணலுக்கு வரச்சொன்ன நாளில் திசைகாட்டி சரியான நேரத்துக்கு வாசலில் நுழைந்தார். வாசலுக்கும் அந்த அறைக்கும் நடுவில் முன்பகல் முழுவதும் போயிற்று. சலவை அறையிலிருந்து ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவரை சார்ஜர் மேடம் கண் கலங்காத குறையாகப் பார்த்தார். "அண்ணே, உங்களத்தான் இத்தன நாளா தேடிட்டு இருந்தேன்" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக, தொலைந்துபோய் வந்ததற்காக ஒருவர் அவருக்கு நாற்காலி போட்டார்.

வேலை அவருக்கென்றே செய்து வைத்ததுபோல் இருந்தது. ஒரு பொட்டலம்போல் அவரை ஏதோ ஒரு மாடியில் விடுவார்கள். கடிகாரம் அதிரும், அவர் திரும்புவார். கேள்வியே கிடையாது. சுவரைக் காட்டி இடது என்றால் சுவர் முன்னால் போய் நின்று அடுத்த உத்தரவுக்குக் காத்திருப்பார். இப்படிக் கீழ்ப்படிகிற ஆளைப் பார்த்ததே இல்லை என்று சார்ஜர் மேடம் வியந்தார். பார்த்திருக்க முடியாது. கல்யாணமான நாளிலிருந்து தோளில் வாங்கிய பயிற்சி அது. கருவி தப்பும் இடமெல்லாம் அவர் தொலைந்தார், அவர் தொலைந்த இடமெல்லாம் கருவியைத் திருத்தினார்கள். வீட்டில் அவர் நடை மாறியது, சட்டைக்கு இஸ்திரி வந்தது. மச்சான் வீட்டு விசேஷத்தில் ஒருவர் என்ன வேலை என்று கேட்டபோது, ஒரு கணம் யோசித்து, "ஆராய்ச்சி" என்றார்.

ஒரே ஒரு நிபந்தனை. "கட்டடம் உங்களுக்குப் பழகிடுச்சுன்னா ஒளிக்காம சொல்லிடணும்ணே. நான் வேற ஆள் பாக்கணும்" என்று சார்ஜர் மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார். திசைகாட்டி சிரித்தார். அவருக்கா? கட்டடமா? சத்தியமே செய்து கொடுத்தார்.

பழைய கட்டடத்தின் தாழ்வாரத்தில் தலைமட்டத்துக்கு ஒரு குழாய் குறுக்கே போகும். அதில் வாரம் தவறாமல் இடித்துக்கொள்வார். ஒரு நாள் பராக்குப் பார்த்துக்கொண்டே வந்தவர், குழாய் கண்ணில் படுவதற்கு முன்னால் தலையைக் குனிந்துவிட்டார். தாண்டிப் போனபிறகுதான் உறைத்தது. அப்படியே நின்றார். தலை ஏன் குனிந்தது? யார் சொன்னார்கள்?

அதற்குப் பிறகு அவருக்கு நிம்மதி போயிற்று. இந்தத் திருப்பத்துக்கு அப்பால் தண்ணீர்க் குழாய் இருக்கும் என்று நினைப்பார், இருந்து தொலைக்கும். அடுத்தது எக்ஸ்ரே அறை என்று நினைக்காமல் இருக்கப் பார்ப்பார், அதற்குள் எக்ஸ்ரே அறையே வந்துவிடும். பலகைகளைப் படிக்காமல் தரையைப் பார்த்து நடந்தார்; தரையில் எந்த ஓடு விரிசல் விட்டது என்பது மனதில் பதிந்தது. கண்ணை மூடிப் பார்த்தார். மருந்து வாடை, சலவைச் சோப்பு வாடை, கேண்டீன் டீ வாடை என்று மூக்கு வழி சொன்னது. வாடை தெரியாமலிருக்க வாய்வழியே மூச்சு விட்டுக்கொண்டு நடந்தபோது ஒரு நர்ஸ் பிடித்து உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். ஒரு வேலையைக் கற்றுக்கொள்ள முடியாமல் போனவர்கள் ஊரில் ஏராளம். கற்றுக்கொள்ளாமலிருக்க இப்படித் திண்டாடியவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

சொல்லிவிடலாம் என்று தினமும் அந்த அறைவரை போவார். உடைந்த சக்கர நாற்காலி ஒன்றில் உட்கார்வார், கால் ஆடும், சொல்லாமல் எழுந்து வருவார். சொன்னால் மறுநாள் என்ன? மறுபடி கூரியரா? இந்த ஒரு வேலையில்தான் அவர் தேறியிருந்தார். மருத்துவமனை இந்தக் கருவியை வாங்கிவிட்டால் அடுத்து வேறு கட்டடம், அதற்கடுத்து இன்னொன்று, எல்லாவற்றிலும் புதிதாகத் தொலையலாம் என்று முதலாளி ஆசை காட்டியிருந்தார். நிர்வாகத்தின் முன்னால் நடக்கவிருந்த செயல்விளக்கம் முடியும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவராக இருந்துவிட்டால் போதும்.

கட்டடத்தில் பிடித்த வியாதி தெருவுக்கும் பரவியிருந்தது; வீட்டில்தான் முதலில் மாட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியில் போகும்போது, மனைவி தட்டக் கையைத் தூக்கினார்; அதற்குள் வண்டி திரும்பிவிட்டது. கை அந்தரத்தில் நின்றது. ஊர்க்கதையும் நின்றது. அந்த அம்மாள் வீடு வந்து சேர்ந்து, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் கேட்டார்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"என்னது?"

"திரும்பறதுக்கு."

தற்செயலாக நடந்துவிட்டது என்று மழுப்பினார். அடுத்த ஞாயிறு வேண்டுமென்றே தப்பான தெருவில் நுழைத்து, ஐயோ இதென்ன இடம் என்று பதறிப் பார்த்தார். கொஞ்ச தூரம் போனபின், "நீங்க தொலைஞ்சா எனக்குத் தெரியாதா? இது தொலைஞ்சது இல்ல, நடிப்பு" என்றார் மனைவி. அதைச் சொல்லிவிட்டு, "வேலை போயிடும்னு தானே?" என்றும் கேட்டார். அவருடைய முழங்கால் மட்டும் பெட்ரோல் டாங்கியை இடித்துக்கொண்டே வந்தது.

செயல்விளக்க நாள் வந்தது. தலைமை மருத்துவரும் நிர்வாக அதிகாரிகளும் முன்னால் நின்று பார்க்க, வரவேற்புக்குப் பின்னாலிருக்கும் காத்திருப்பு அறையிலிருந்து திசைகாட்டி புறப்பட்டு, பழைய கட்டடத்தில் இருக்கும் எலும்பு முறிவுப் பிரிவுக்குப் போய்ச் சேர வேண்டும். இந்தக் கட்டடத்தில் என்றைக்கும் வழி தெரியாத ஆள் என்று முதலாளி ஏற்கனவே அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிவைத்திருந்தார். வில்லையைக் கட்டி, கணக்கைத் தொடங்கிவிட்டு, நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

பெரியவர்கள் நேரத்துக்கு வருவது வழக்கமில்லை. வரவில்லை. திசைகாட்டி உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். முழங்கால் அன்றைக்கு ஏற்றுமதிக்குத் தைப்பதுபோல் ஓடியது. அமுக்கப் பக்கத்தில் மனைவி இல்லை. சார்ஜர் மேடம் வாசலுக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருந்தார். திரையைப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

ஒருவழியாக அனைவரும் வந்தார்கள். கை குலுக்கல் முடிந்தது. திசைகாட்டி எழுந்தார். கடிகாரம் ஒரு முறை அதிர்ந்தது. இடது.

இடது பக்கம் சுவர். சுவரில் புகைபிடிக்காதீர் என்ற பலகை. பின்னால் கோட்டுப் போட்ட கூட்டம். வலது பக்கத்தில், கதவுக்கு வெளியே, எலும்பு முறிவுப் பிரிவுக்குப் போகும் வழி அவருக்கு உள்ளங்கைபோல் தெரிந்தது. ஷூ நாடாவைக் கட்டுவதுபோல் குனிந்தார், இருமினார், நிமிர்ந்தார், வலது பக்கம் நடந்தார்.

நடக்க நடக்கக் கடிகாரம் கதறியது. ஒற்றை, இரட்டை, நீளம், மறுபடி நீளம். இரண்டு தோளிலும் மனைவி ஒரே நேரத்தில் அடிப்பதுபோல் இருந்தது. பின்னால் வருகிறவர்களுக்கு அந்த அதிர்வு கேட்டுவிடுமோ என்று மணிக்கட்டை வயிற்றோடு அழுத்திக்கொண்டார். கூட்டத்தில் யாரோ, "எவ்ளோ நம்பிக்கையா நடக்கறார் பாருங்க" என்றார்.

பாலம் அடைத்த இடத்தில், தண்ணீர்க் குழாய் பக்கத்தில், ஓர் ஆள் எதிரே வந்தார். வயதானவரும் அல்ல, இளைஞரும் அல்ல. கையில் ப்ளாஸ்க். மூடி எங்கேயோ விழுந்துவிட்டது போலிருக்கிறது. உள்ளங்கையால் வாயைப் பொத்தியிருந்தார், சூடு பொறுக்காமல் கையை மாற்றி மாற்றிப் பிடித்தார். நேரே திசைகாட்டியிடம் வந்தார். இத்தனை கோட்டுகளை விட்டுவிட்டு அவரிடமே வந்தார்.

"சார், பிரசவ வார்டு எந்தப் பக்கம்ங்க? மூணு தடவ சுத்திட்டேன்."

திசைகாட்டி வாழ்நாளெல்லாம் வழி கேட்டவர். டீக்கடையில், பெட்டிக்கடையில், பஸ் ஸ்டாப்பில், பொறுமையாகக் கையை நீட்டி வழி சொன்னவர்களுக்கு இந்த ஊரில் கணக்கில்லை. பதிலுக்கு அவர் ஒருவருக்காவது வழி சொன்னதில்லை. கேட்டவர்கள் இருக்கிறார்கள், தெரிந்ததில்லை. இப்போது தெரிந்தது. குழாயைத் தாண்டி இறக்கத்தில் இறங்கி, நீலக் கதவைத் தள்ளி, வலது பக்கம். நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. பின்னால் கூட்டம் நின்றது. வழி தெரியாத ஆள் வழி சொன்னால் எல்லாம் முடிந்தது.

"தெரியாதுங்க" என்றார்.

அந்த மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் வம்பு. "உங்களுக்கும் இடம் புதுசுங்களா? நம்மள மாதிரி ஆளுங்க இதுக்குள்ள வரவே கூடாது சார்" என்று சிநேகமாகச் சிரித்துவிட்டு, ப்ளாஸ்க்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, நேர் எதிர்த்திசையில், சவக்கிடங்குப் பக்கமாகப் போனார்.

திசைகாட்டி எலும்பு முறிவுப் பிரிவின் வாசலில் போய் நின்றார். கை தட்டினார்கள். முதலாளி கட்டிப்பிடித்தார். அடுத்த வாரமே நோயாளிகளின் உறவினர்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. சார்ஜர் மேடம் மட்டும் கை தட்டவில்லை. திரையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார், கைக்குழந்தையைப்போல.

மறுநாள் அந்த அறையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். திசைகாட்டி உடைந்த சக்கர நாற்காலியில். வில்லை காலில் இருந்தது. வேலைக்கு வந்தவுடன் கட்டிக்கொள்வது பழக்கமாகியிருந்தது. கொஞ்ச நேரம் பிளக் பாயிண்ட்டைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அவர் ஆரம்பித்தார்.

"மேடம், எனக்கு இந்தக் கட்டடம் தெரியும்."

"தெரியும்ணே."

"எப்பலேர்ந்து தெரியும்னு உங்களுக்குத் தெரியாது."

"நேத்து தெரிஞ்சுது" என்று திரையை அவர் பக்கம் திருப்பினார் சார்ஜர் மேடம். நேற்றைய நடை அதில் இருந்தது. ஒரு புள்ளி, அதுதான் திசைகாட்டி. புள்ளி காத்திருப்பு அறையில் தொடங்கி, யாரும் எழுந்திருக்கும் முன்பே கிளம்பி, சுவரைத் துளைத்து, மருந்துக் கிடங்கு வழியாக, இன்னொரு சுவரைத் துளைத்து, ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தைத் தாண்டி வெளியே போயிருந்தது. "இதுல பாத்தா நீங்க நேத்து மெயின் ரோட்டுல நடந்துட்டு இருந்தீங்க. எல்லாரும் கை தட்டும்போது எதிர்த்த பெட்ரோல் பங்குல நின்னீங்க."

"அப்ப நேத்தே ஏன் சொல்லல?"

சார்ஜர் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலாளி அத்தனை சந்தோஷமாக இருந்தார், அதனால் சொல்ல வாய் வரவில்லை என்றார். ராத்திரி தூக்கமும் வரவில்லை என்றார். நீங்கள் சொல்வீர்கள் என்று நான் இருந்தேன் என்றும் சொன்னார். அவர் கேட்பார் என்றுதான் தானும் இருந்ததாகத் திசைகாட்டி சொன்னார். பிறகு ப்ளாஸ்க்காரரைப் பற்றிச் சொன்னார். வழி தப்பியதற்காக எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், அப்போதெல்லாம் இப்படி இருந்ததில்லை என்றார். "அந்தாளு என்னத் திட்டியிருக்கலாம் மேடம். கூட்டு சேத்துக்கிட்டாரு. அடுத்த வாரம் இதக் கட்டிக்கிட்டு அவர மாதிரி எத்தன பேரு சுத்துவாங்க? வேண்டாம். எனக்குத் தெரியும்னு எல்லார்ட்டயும் சொல்லிடுங்க."

சார்ஜர் மேடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றைய நடையை அவர் மூடிவிட்டிருந்தார். இன்றைய புள்ளி, சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் புள்ளி, மெதுவாக எழுந்து சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே. காலை நிறுத்துங்க."

நிறுத்தினார். புள்ளி நின்றது.

"ஆட்டுங்க."

ஆட்டினார். புள்ளி சுவருக்குள் புகுந்தது, பக்கத்து அறையைக் கடந்தது, கழிப்பறையைக் கடந்தது, தோட்டத்தில் இறங்கியது. குதிகால் தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் அந்த வில்லை ஓர் எட்டு வைத்ததாக நம்பியிருக்கிறது. திசைகாட்டி தன் முழங்காலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து இத்தனை வருடமாக இப்படித்தான் போய்க்கொண்டிருந்தோமா?

"எங்க மேடம் போறேன்?"

"அது உங்களுக்குத்தான்ணே தெரியணும்."

அவர் நிறுத்தவில்லை. புள்ளி சாலையைத் தாண்டும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பெருக்க வந்த அம்மாள் ஒருவர் எட்டிப் பார்த்தார். சுவரைத் துளைக்கும் மனிதரின் கதை எங்கிருந்து கிளம்பியது என்பது இப்போது விளங்கியிருக்கும்.

அன்று மாலையே சார்ஜர் மேடம் முதலாளியிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். முதலாளி போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டில் ஒருவர் மணியடித்து நர்ஸைக் கூப்பிட்டார். நிர்வாகம் முகம் சுளித்தது, வாங்குவதைத் தள்ளிவைத்தது, அடியோடு வேண்டாம் என்று சொல்லவில்லை. கருவிக்கு நடை எது, ஆட்டம் எது என்று பிரித்துச் சொல்லிக் கொடுத்துக் கொண்டுவந்தால் மறுபடி பார்க்கலாமாம். நடப்பதற்கு வேறு ஆள் வந்துவிட்டார். சந்து திரும்பினால் முழிக்கும் ஓர் ஓய்வு பெற்ற வாத்தியார். திசைகாட்டியை முதலாளி அன்றைக்கே அனுப்பியிருப்பார். கருவிக்குச் சொல்லிக் கொடுக்க இந்த மாதிரி முழங்கால் வேறெங்கே கிடைக்கும் என்று சார்ஜர் மேடம் பிடிவாதம் பிடித்ததால் சில வாரம் நீட்டித்திருக்கிறார்கள். அதற்கப்புறம் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்டால் முதலாளி கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்.

ஆக இப்போது அவர் வேலை, வாசலுக்கு உட்புறம் போட்டிருக்கும் பெஞ்சில் வில்லையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. மச்சான் அதையும் விடவில்லை. எங்க மாப்ள காலாட்டியே சம்பளம் வாங்குகிறார் என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லி, அடுத்த வதந்தியை வாசலிலேயே வழியனுப்பி வைத்துக்கொண்டிருக்கிறார். மனைவிக்கு அது காதில் விழுந்ததும், "ஆட்டாதீங்க ஆட்டாதீங்கன்னு நான் கத்துனதுக்கு ஒரு மரியாதையும் இல்லாமப் போச்சு" என்றார். வண்டியில் இப்போதும் பின்னால் உட்கார்ந்து தோளில் தட்டத்தான் செய்கிறார். வண்டி திரும்பி முடித்தபிறகு தட்டுகிறார். அவரும் தட்டு விழுந்த பக்கம் தலையை ஆட்டிவைக்கிறார்.

ப்ளாஸ்க்காரரைத் தேடிச் செயல்விளக்கத்துக்கு மறுநாளே திசைகாட்டி பிரசவ வார்டுக்குப் போனார். ஒரு கடிகாரமும் கட்டாமல், யாரையும் கேட்காமல், நேரே போனார். நர்ஸ் பெயர் கேட்டார், தெரியவில்லை. பொண்டாட்டிக்கா, மகளுக்கா, தங்கைக்கா என்று கேட்டார், அதுவும் தெரியவில்லை. மூடி இல்லாத ப்ளாஸ்க் என்றார். "இங்க பாதிப் பேர் ப்ளாஸ்க்குக்கு மூடி கெடையாது" என்று சொல்லிவிட்டு நர்ஸ் உள்ளே போனார். அன்றைக்கு அந்த மனிதர் வார்டைக் கண்டுபிடித்தாரா, உள்ளே இருந்தது ஆறிப்போவதற்குள் போய்ச் சேர்ந்தாரா, எதுவும் தெரியவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது உள்ளே வருகிறவர்கள் கையைத்தான் அவர் பார்க்கிறார். ப்ளாஸ்க் தெரிந்தால் பாதி எழுந்துவிடுகிறார். மூடி இருந்தால் உட்கார்ந்துவிடுகிறார். இதற்கிடையில் பல் டாக்டர் எங்கே, எக்ஸ்ரே எங்கே என்று கேட்பவர்களுக்கெல்லாம் கையை நீட்டிச் சொல்லிவிடுகிறார், இப்போது யார் பார்த்தாலும் கவலையில்லை. ஆனால் அவை வேறு கணக்கு. குழாயைத் தாண்டி, இறக்கத்தில் இறங்கி, நீலக் கதவைத் தள்ளி, வலது பக்கம் என்ற அந்த ஒன்று மட்டும் இன்னும் நாக்கு நுனியில் அப்படியே இருக்கிறது. முழங்கால் ஓடுகிறது. உள்ளறையில், திரையில், புள்ளி எழுந்து யாரையோ தேடிச் சுவர் சுவராகப் போய்க்கொண்டிருக்கிறது.